ஜான் டூயியும் ஜார்ஜ் கவுண்ட்ஸும் சோவியத் பள்ளிகளில் கண்டது என்ன?

ஏட்டுச்சுவடி:

1920, 30களில் அமெரிக்காவின் முற்போக்குக் கல்வியாளர்கள் பலருக்குச் சோவியத் ஒன்றியத்தின் மேல் பெரிய ஈர்ப்பு இருந்தது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்று 'ஏமாந்த பேராசிரியர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், இல்லையென்றால் அந்தப் பகுதியையே தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டிலும் எனக்கு நிறைவில்லை. விரிவாகப் பேசலாமே என்றுதான் இந்த இழை.

முதலில் ஜான் டூயி. அம்பேத்கருக்குக் கொலம்பியாவில் ஆசிரியராக இருந்த அதே டூயிதான். 1928 கோடையில் ரஷ்யா போனார். அப்போது வயது 68. முந்தின ஆண்டுதான் மனைவி ஆலிஸ் இறந்திருந்தார். அமெரிக்கக் கல்வியாளர் குழு ஒன்றும் அந்தப் பயணத்தில் சேர்ந்துகொண்டது. லெனின்கிராட், மாஸ்கோ இரண்டையும் பார்த்தார்கள். பீட்டர்ஹோஃபில் முன்பு அரச குடும்பத்தாரின் கோடை மாளிகையாக இருந்த இடத்தில் பிள்ளைகள் குடியிருப்பு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் எழுதியது பெரிய பாராட்டு: இத்தனை அறிவும் மகிழ்ச்சியும் பயனுள்ள வேலையும் ஒருங்கே அமைந்த பிள்ளைக் கூட்டத்தை உலகில் வேறெங்கும் கண்டதில்லை என்கிற அளவுக்கு. ஊர் திரும்பியதும் நியூ ரிபப்ளிக் இதழில் தொடராக எழுதினார். 1929-ல் அது நூலாக வந்தது.

அவர் அங்கே கண்டது பெருமளவு அவருடைய எண்ணங்களையேதான். லெனினின் மனைவி குரூப்ஸ்கயா புரட்சிக்கு முன்பே அமெரிக்கக் கல்வி பற்றிப் படித்து எழுதியவர். ஷாட்ஸ்கி என்ற கல்வியாளர், அமெரிக்காவின் ஏழைக் குடியிருப்புப் பகுதிகளில் நடந்த சமூக நிலையங்களை முன்மாதிரியாகக் கொண்டு 1905 வாக்கிலேயே மாஸ்கோவில் பிள்ளைகளோடு வேலையைத் தொடங்கியவர். பிறகு கலுகா மாவட்டத்தில் அரசின் சோதனைப் பள்ளி நிலையத்தை நடத்தினார். டூயியின் நூல்கள் ரஷ்ய மொழியில் இருந்தன. பாடங்களைப் பிரிக்காமல் ஒரு வேலையைச் சுற்றிக் கற்பிக்கும் கில்பாட்ரிக்கின் செயல்திட்ட முறை, பிள்ளை தன் வேகத்தில் தானே படிக்கும் ஹெலன் பார்க்ஹர்ஸ்டின் டால்டன் திட்டம் எல்லாம் அங்கே அரசுக் கொள்கையாகவே ஏறியிருந்தன. சொந்த நாட்டில் சில தனியார் பள்ளிகளுக்கு வெளியே நுழைய முடியாத ஒரு முறையை, ஒரு பேரரசு நாடு முழுக்கப் பரப்ப முயல்கிறது என்றால் எந்தக் கல்வியாளருக்குத்தான் மனம் பொங்காது?

ஆனால் 1931 செப்டம்பர் 5 அன்று கட்சியின் மத்தியக் குழு ஓர் ஆணை போட்டது. செயல்திட்ட முறை கண்டிக்கப்பட்டது. பாடவாரியான கல்வி திரும்பி வந்தது. 1932 ஆகஸ்டில் வந்த அடுத்த ஆணை வகுப்பு, கால அட்டவணை, தனித்தனி மதிப்பெண், ஆசிரியர் அதிகாரம் எல்லாவற்றையும் மீட்டது. 1933 பிப்ரவரியில் நாடு முழுக்க நிலையான பாடநூல். டூயி மெச்சிய பள்ளி, அவர் பார்த்து ஐந்து ஆண்டுகள் ஆவதற்குள் சட்டப்படி இல்லாமல் போனது.

இதை அவர்களால் முன்கூட்டியே கண்டிருக்க முடியுமா? எனக்கு இருக்கும் கேள்வி இதுதான்.

செங்காந்தள்:

நல்ல இழை. ஆனால் அமெரிக்காவில் அப்போது என்ன நிலைமை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா. அதை விட்டுவிட்டு மாஸ்கோவை மட்டும் பேசினால் அந்த மனிதர்கள் நமக்குப் புரியமாட்டார்கள்.

1929 அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தது. சிகாகோ ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. பல மாதம் பணத்துக்குப் பதில் கடன் சீட்டுதான் கொடுத்தார்கள். 1933 ஏப்ரலில் அவர்கள் ஊர்வலமாகப் போய் வங்கிகளை முற்றுகையிட்டார்கள். தென் மாநிலங்களில் வரிப்பணம் வராமல் கிராமப் பள்ளிகள் ஆண்டின் நடுவிலேயே மூடப்பட்டன. அதே நேரத்தில் சோவியத்தில் எழுத்தறிவு ஏறிக்கொண்டிருந்தது. 9 முதல் 49 வயது வரையுள்ளோரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 1897 கணக்கெடுப்பில் சுமார் 28 சதவீதம், 1926-ல் சுமார் 57, 1939-ல் 87. இந்த எண்கள் பொய்யில்லை. தன் நாட்டில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்க, இன்னொரு நாட்டில் பள்ளிக்கூடம் திறப்பதைப் பார்த்து வியந்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏட்டுச்சுவடி:

//குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை//

நானும் குறை சொல்லத் தொடங்கவில்லை அம்மா. வியந்ததில் தப்பே இல்லை. ஆனால் டூயி போனது 1928-ல். பங்குச் சந்தை விழுவதற்கு ஓராண்டுக்கு முன். அவருடைய ஈர்ப்புக்குப் பொருளாதார வீழ்ச்சியைக் காரணம் காட்ட முடியாது. சோவியத் போய்வந்த இன்னொரு அமெரிக்கக் கல்வியாளரான கவுண்ட்ஸுக்கு வேண்டுமானால் ஓரளவு பொருந்தும். அவரும்கூட முதலில் போனது 1927-ல்.

டூயி கண்ணை மூடிக்கொண்டு போனவர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கும் பிரச்சாரம், பள்ளியும் அதற்கு விலக்கில்லை என்று அந்தத் தொடரிலேயே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் ஒரு கணக்குப் போட்டார். பிள்ளைகளைத் தாங்களாகத் தேடவும் கூடிப் பேசி முடிவெடுக்கவும் பழக்கினால், அந்தப் பழக்கம் காலப்போக்கில் கட்சியின் கட்டளைகளையும் கேள்வி கேட்க வைக்கும் என்று. முறை வெல்லும், கோட்பாடு தளரும். அது நேர்மையான கணக்கு. கட்சிக்கும் அதே கணக்குத் தெரியும் என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. சிந்திக்கப் பழகிய பிள்ளை கேள்வி கேட்கும் என்பது ஸ்டாலினுக்குப் புரியாததா?

கரும்பலகை:

நான் பள்ளி ஆசிரியை. இத்தனை ஆண்டு வகுப்பறையில் நின்ற அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்.

1931 ஆணையைக் கேள்வி கேட்பதை ஒடுக்கத்தான் போட்டார்கள் என்று மட்டும் வாசித்தால் பாதிதான் கிடைக்கும். ஆணையே சொல்லும் காரணம் வேறு: பள்ளி போதுமான பொது அறிவைத் தருவதில்லை, தொழில்நுட்பப் பள்ளிக்கும் உயர்கல்விக்கும் தகுதியான ஆட்களை அனுப்புவதில்லை. முதல் ஐந்தாண்டுத் திட்டம் ஓடிக்கொண்டிருந்த காலம். தொழிற்சாலைகளுக்குப் பொறியாளர் வேண்டும். வருகிற மாணவனுக்குக் கணக்கும் இயற்பியலும் தெரியவில்லை. இது உண்மையான நெருக்கடி.

அந்தப் 'படைக்குழு முறை' எப்படி நடந்தது என்று பாருங்கள். டால்டன் திட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் தனியாக வேலை செய்யும். சோவியத்தில் அதைக் கூட்டு முறையாக மாற்றினார்கள். சிறு சிறு குழு, குழுவுக்கு ஒரு வேலை, கடைசியில் ஒரு பிள்ளை எல்லோருக்கும் சேர்த்து விடை சொல்லும். குழுவுக்கே மதிப்பெண். கெட்டிக்காரப் பிள்ளை எல்லாவற்றையும் செய்யும், மற்றவை பின்னால் உட்கார்ந்திருக்கும். குழு வேலை கொடுத்துப் பார்த்த எந்த ஆசிரியருக்கும் இது தெரியும்.

பெற்றோர் இந்த முறையை விரும்பவில்லை. பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் வரவேண்டும் என்றுதான் அவர்கள் கேட்டார்கள். மாஸ்கோவிலிருந்து புதிய பாடத்திட்டம் வரும். கிராமத்து ஆசிரியரிடம் நூல் இருக்காது, தாள் இருக்காது, அதற்கான பயிற்சியும் இருக்காது. பலர் பழையபடி பாடம் நடத்திக்கொண்டு, அறிக்கையில் மட்டும் புதிய முறை என்று எழுதினார்கள். ஆணை வந்தபோது நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் ஏராளம்.

அமெரிக்கர்கள் பார்த்தது ஷாட்ஸ்கியின் நிலையம் போன்ற சிறந்த இடங்களை. அங்கே திறமையும் அர்ப்பணிப்பும் இருந்தது, வசதியும் இருந்தது. அவர்கள் போனதும் கோடை, சாதாரணப் பள்ளிகள் பெரும்பாலும் விடுமுறையில் இருக்கும் நேரம். சாதாரண வகுப்பறையில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் 1931-ஐ முன்பே ஊகித்திருக்கலாம். பயணம் போகும் கல்வியாளர்கள் எல்லோரிடமும் எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான். சிறந்த பள்ளியைப் பார்த்துவிட்டு அந்த நாட்டின் பள்ளியைப் பார்த்ததாக எழுதுவார்கள்.

நெய்தல்:

கவுண்ட்ஸ் பற்றி இன்னும் சொல்லுங்களேன். நான் கேள்விப்பட்டது பால்டிமோர் பேச்சு ஒன்றுதான்.

வடதிசை:

நியூ ஜெர்சியில் இருக்கிறேன், கல்வியியல் படித்தபோது கவுண்ட்ஸைக் கொஞ்சம் ஆழமாகவே வாசிக்க நேர்ந்தது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ் கவுண்ட்ஸ் கான்சஸ் மாநிலத்துக் கிராமத்துப் பிள்ளை, பிறந்தது 1889. கொலம்பியாவின் டீச்சர்ஸ் காலேஜில் பேராசிரியர். டூயி சில வாரம் போய்வந்தவர். கவுண்ட்ஸ் ரஷ்ய மொழி கற்றவர். 1929-ல் ஒரு ஃபோர்டு காரைக் கப்பலில் கொண்டுபோய் சோவியத் நாட்டுக்குள் ஏறத்தாழ 6,000 மைல் ஓட்டினார். அந்த நாட்டுச் சாலையில், வழிகாட்டி கையைப் பிடித்துக் கூட்டிப்போகாத ஊர்களையும் பார்த்தவர் என்பதால் அவரை ஒரு வாரச் சுற்றுலாக்காரர்களோடு சேர்க்கக் கூடாது.

அவரைக் கவர்ந்தது வகுப்பறை முறை இல்லை. திட்டமிடல். ஒரு சமூகம் தன் எதிர்காலத்தைத் தானே வரைந்துகொண்டு, அதில் பள்ளிக்கு முதல் வரிசையில் இடம் கொடுக்கிறது என்பதுதான் அவர் மனதைப் பிடித்தது. 1931-ல் சோவியத் அமெரிக்காவுக்கு விடுக்கும் அறைகூவல் பற்றி நூல் எழுதினார். ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றி அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்காக இலின் எழுதிய நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அது அமெரிக்காவில் மாத நூல் சங்கத்தின் தேர்வாகி வீடு வீடாகப் போனது. ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன ஆணை வந்ததும் அதே 1931 செப்டம்பரில்தான்.

1932 பிப்ரவரியில் பால்டிமோர். முற்போக்குக் கல்விச் சங்கத்தின் மாநாடு. வந்திருந்தவர்கள் பெரும்பாலும் வசதியான நடுத்தர வர்க்கத்தார். அவர்கள் முன் நின்று, 'குழந்தையை மையமாக வைக்கிறோம் என்கிறீர்கள், ஆனால் உங்களிடம் சமூகத்தைப் பற்றி ஒரு கொள்கையும் இல்லை. பிள்ளை வளர்வது நடுநிலையில் இல்லை. பள்ளி புதிய சமூகத்தைக் கட்டத் துணிய வேண்டும், கருத்தைத் திணிக்கிறோம் என்ற பயத்தை விடுங்கள்' என்ற பொருளில் பேசினார். பேச்சு முடிந்ததும் அரங்கம் உறைந்துபோனது என்றும், மாநாட்டின் மீதி நேரம் அதைப் பற்றிய விவாதத்திலேயே போனது என்றும் சொல்வார்கள். 1934-ல் சமூக எல்லை என்று பொருள்படும் பெயரில் ஓர் இதழ் தொடங்கினார்கள், ஆசிரியர் கவுண்ட்ஸ். அந்த ஆண்டுக் கடைசியில் ஹேர்ஸ்ட் பத்திரிகைகள் மாணவர் வேடத்தில் நிருபர்களை அனுப்பி அவர் வாயைக் கிளறப் பார்த்தன.

திணிப்பு விஷயத்தில் டூயி கவுண்ட்ஸோடு ஒத்துப்போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளி சமூக மாற்றத்தில் பங்கெடுக்க வேண்டும், ஆனால் முடிவை முன்கூட்டியே எழுதிவைத்துப் பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது என்பது டூயியின் நிலை. இருவரும் ஒரே இதழில், ஒரே முகாமில் இருந்துகொண்டு இதைப் பற்றி வாதிட்டார்கள்.

பிறகு கவுண்ட்ஸ் மாறினார். 1936-க்குப் பிறகு, ஸ்டாலின் பழைய கட்சித் தலைவர்கள் மேல் நடத்திய மாஸ்கோ வழக்குகளும் நியூயார்க் ஆசிரியர் சங்கத்துக்குள் கம்யூனிஸ்டுகள் நடந்துகொண்ட விதமும் அவரைத் திருப்பின. 1939-ல் அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, கம்யூனிஸ்ட் தலைமையில் இயங்கிய நியூயார்க், ஃபிலடெல்ஃபியா கிளைகளின் அங்கீகாரத்தை 1941-ல் ரத்து செய்ய வைத்தார். 1949-ல் நூசியா லாட்ஜோடு சேர்ந்து சோவியத் அரசு மனித மனத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று ஒரு முழு நூல் எழுதினார். ரஷ்ய மொழி தெரிந்ததால் கட்சித் தீர்மானங்களையே நேரடியாக எடுத்துவைத்து எழுத முடிந்தது.

செங்காந்தள்:

வடதிசை, நன்றி. பலருக்கும் தெரியாத செய்திகள்.

ஆனால் இந்த இழையில் ஒரு பெரிய விடுபடல் இருக்கிறது. நீங்கள் சொல்லும் கல்வியாளர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் அட்லாண்டாவில் பேராசிரியராக இருந்தவர். 1926-ல் சோவியத் போனார், வியந்து எழுதினார். அவர் எங்கிருந்து போனார்? கறுப்பினப் பிள்ளைக்குத் தனிப் பள்ளி, கிழிந்த புத்தகம், வெள்ளை ஆசிரியரை விடக் குறைந்த சம்பளத்தில் கறுப்பின ஆசிரியர் என்று சட்டமும் வழக்கமும் வைத்திருந்த மாநிலங்கள் கொண்ட நாட்டிலிருந்து. அந்தத் தனிப் பள்ளிச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1954-ல்தான். தன்னை மனிதனாக நடத்திய ஒரு நாட்டைப் பற்றி அவர் எழுதியதை, டூயியின் வியப்பையும் கவுண்ட்ஸின் வியப்பையும் அளக்கும் அதே கோலால் அளக்கலாமா?

ஏட்டுச்சுவடி:

அளக்கக் கூடாது. அவருக்கு இருந்த காரணத்தின் கனம் வேறு.

ஆனாலும் டு பாய்ஸ் கடைசிவரை மாறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வோம். 1953-ல் ஸ்டாலின் இறந்தபோது புகழ்ந்து எழுதினார். அட்லாண்டாவில் ஒரு கறுப்பினப் பிள்ளைக்கு நடந்த அநீதியை அவ்வளவு கூர்மையாகக் கண்ட கண்ணுக்கு, உக்ரைனில் 1932-33 பஞ்சத்தில் செத்த பிள்ளை படவில்லை. எனக்கு அவர் மேல் பெருமதிப்பு உண்டு, அதனாலேயே இது வலிக்கிறது.

பனைமரம்:

இங்கே தாகூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1930 செப்டம்பரில் அவரும் மாஸ்கோ போனார். சாந்திநிகேதன் நடத்தியவர் என்பதால் முதலில் பார்த்ததும் கல்வியைத்தான். மனமார வியந்தார். வங்காளத்துக் குடியானவனுக்குக் கிடைக்காதது ரஷ்யக் குடியானவனுக்குக் கிடைக்கிறதே என்று கடிதம் கடிதமாக எழுதினார்.

ஆனால் புறப்படும்போது இஸ்வெஸ்தியா பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், உங்கள் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் மனதில் எதிரிகள் என்று நீங்கள் கருதுபவர்கள் மேல் கோபத்தையும் வெறுப்பையும் வளர்ப்பது உங்கள் இலட்சியத்துக்கே நல்லதா என்று நேராகக் கேட்டார். கருத்து வேற்றுமைக்கு இடம் வேண்டும் என்றார். அந்தப் பேட்டி அப்போது அச்சாகவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்தப் பத்திரிகையில் வெளிவந்தது.

விருந்தாளியாக இருந்துகொண்டே கேட்டார் பாருங்கள். அமெரிக்கர்கள் தங்கள் சந்தேகங்களை ஊருக்குத் திரும்பி வந்து தங்கள் வாசகர்களுக்கு எழுதினார்கள். தாகூர் அங்கேயே, சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னார்.

கரும்பலகை:

பனைமரம் அண்ணா சொன்னது மனதில் தைத்தது. அந்தப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

1929-ல் கல்வி ஆணையர் லுனச்சார்ஸ்கி கல்வித் துறையை விட்டுப் போனார். அவருக்குப் பின் வந்த புப்னோவ் 1937-ல் கைதாகி 1938-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஷாட்ஸ்கியின் நிலையம் 1930களின் தொடக்கத்திலேயே கலைந்துவிட்டது, அவர் 1934-ல் இறந்தார். பின்கேவிச் என்ற கல்வியியல் பேராசிரியரின் நூலை கவுண்ட்ஸ்தான் அமெரிக்க வாசகருக்கு அறிமுகப்படுத்தினார். அந்தப் பின்கேவிச்சும் 1937-ல் கொல்லப்பட்டார். உக்ரைனில் கல்வி ஆணையராக இருந்து உக்ரைனிய மொழிப் பள்ளிகளை வளர்த்த ஸ்க்ரிப்னிக், பதவி பறிக்கப்பட்டு, 1933 ஜூலையில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். 1936 ஜூலை 4 அன்று, குழந்தை வளர்ச்சியை ஆராயும் துறையான பெடாலஜியே தடை செய்யப்பட்டது.

பிள்ளைகளுக்கு? 1935 ஏப்ரல் 7 ஆணைப்படி, திருட்டு, வன்முறை போன்ற குற்றங்களில் 12 வயதுப் பிள்ளைக்கும் பெரியவர்களுக்கு உள்ள எல்லாத் தண்டனையும் உண்டு. அந்த நாட்டுத் தெருவோரப் பிள்ளைகளுக்கு அன்பான குடியிருப்புகள் அமைத்ததைத்தான் 1928-ல் உலகமே மெச்சியது.

1935 கோடையில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அமெரிக்க, ஆங்கிலேய மாணவர்களுக்காக நடத்தவிருந்த கோடைப் பள்ளியை அரசு திடீரென ரத்து செய்தது. முந்தின ஆண்டுகளில் அமெரிக்க ஆசிரியர்கள் பலர் விருப்பத்தோடு போய்ப் படித்த இடம் அது. மாணவர்கள் மாஸ்கோ போய்ச் சேர்ந்த பிறகுதான் செய்தி தெரிந்தது. என்னைப் பொறுத்தவரை, அங்கே போன ஒவ்வொருவரும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: இந்தப் பள்ளியை நாளைக்கே மூடலாம் என்று முடிவெடுக்க யாருக்கு அதிகாரம்? அப்படி மூடினால் பெற்றோரோ ஆசிரியரோ எங்கே போய் முறையிடுவது? பதில் கிடைக்காவிட்டாலும் கேட்டிருக்கலாம்.

நெய்தல்:

இது சோவியத்தோடு முடிந்துவிட்டதா? கியூபாவைப் பற்றியும் இப்படி எழுதினார்களே.

வடதிசை:

முடியவில்லை. அமெரிக்க நகர்ப்புறப் பள்ளிகளின் அவலத்தைப் பற்றி எழுதிப் பெயர்பெற்ற ஜோனதன் கோசல் 1970களில் கியூபா போய், 1978-ல் அந்த நாட்டுப் பள்ளிகளைப் பற்றி நூல் எழுதினார். 1961 எழுத்தறிவு இயக்கத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதப் படிக்கக் கற்றார்கள், பதின்வயது மாணவர்கள் ஒரு லட்சம் பேர் அளவுக்கு விளக்கோடு கிராமங்களுக்குப் போனார்கள். அது உண்மையான சாதனை. அவர்கள் கையில் இருந்த பாடநூல் புரட்சியையும் அதன் தலைவர்களையும் போற்றும் பாடங்களால் ஆனது என்பதும் உண்மை. 2006-ல் அமெரிக்கக் கல்வியாளர் பில் அயர்ஸ் கராகஸில் அதிபர் சாவேஸ் முன்னிலையில் வெனிசுவேலாவின் கல்விச் சீர்திருத்தத்தைப் பாராட்டிப் பேசினார். ஆனால் அவர்களிடம் டூயியின் தரம் இல்லை என்பது என் கருத்து.

செங்காந்தள்:

//டூயியின் தரம்//

என்ன தரம்? விளக்கினால் நல்லது. கோசலின் எழுத்து எனக்கு மிகவும் பிடிக்கும். பாஸ்டன் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு லாங்ஸ்டன் ஹியூஸின் கவிதையை வாசித்துக் காட்டியதற்காக வேலை இழந்தவர் அவர்.

வடதிசை:

அக்கா, கோசல் பாஸ்டனில் செய்ததைப் பற்றி எனக்கும் மரியாதைதான். நான் சொல்வது வேறு.

1936-ல் மாஸ்கோ வழக்குகள் தொடங்கியபோது அமெரிக்க இடதுசாரிகளில் பலர் வாய்மூடி இருந்தார்கள், சிலர் வழக்குகள் நியாயமானவை என்றே கையெழுத்திட்டார்கள். 1937 ஏப்ரலில் டூயி, 77 வயதில், மெக்சிகோவுக்கு ரயில் ஏறினார். கோயோவாகனில் டியாகோ ரிவேரா, ஃப்ரீடா காலோவின் நீல வீட்டில், அந்த வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டு நாடுகடந்து வாழ்ந்த பழைய சோவியத் தலைவர் ட்ரோட்ஸ்கியை உட்காரவைத்து 13 அமர்வுகளில் விசாரித்தது அவர் தலைமையிலான குழு. ட்ரோட்ஸ்கியின் கொள்கை டூயிக்கு உடன்பாடே இல்லை, அதை அவர் முகத்துக்கு நேராகவே வாதிட்டார். ஆனாலும் குற்றம் சாட்டப்பட்டவன் தன் பக்கத்தைச் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்று போனார். வீட்டார் தடுத்தார்கள், கம்யூனிஸ்ட் பத்திரிகைகள் வசைபாடின. ஆண்டுக் கடைசியில் குழு சொன்ன தீர்ப்பு: ட்ரோட்ஸ்கி குற்றமற்றவர், மாஸ்கோ வழக்குகள் சோடிக்கப்பட்டவை.

1928-ல் தான் புகழ்ந்த நாட்டைப் பற்றி, 1937-ல் ஆவணம் ஆவணமாகப் படித்து எதிர்த் தீர்ப்பு எழுதியவர் அவர். அப்போதும் தன் கல்விக் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை, சோசலிசச் சார்பையும் கைவிடவில்லை. பின்னாளில் சோவியத் கல்வி எழுத்துகள் அவரை அமெரிக்கப் பிற்போக்கின் ஆள் என்று திட்டின. தரம் என்று நான் சொன்னது இதை.

செங்காந்தள்:

இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. நீல வீட்டு விசாரணை பெரிய செயல்.

ஆனால் ஒன்று. ட்ரோட்ஸ்கிக்கு ஒரு டூயி கிடைத்தார். பின்கேவிச்சுக்கும் புப்னோவுக்கும் அப்படி யாரும் விசாரணைக் குழு அமைக்கவில்லை. அவர்களின் பள்ளிகளில் விருந்துண்டு, அவர்களின் நூல்களை மொழிபெயர்த்து, அவர்களோடு படம் எடுத்துக்கொண்ட அமெரிக்கச் சக ஆசிரியர்கள் எத்தனை பேர் 1937-ல் அந்தப் பெயர்களைச் சொல்லி, எங்கே அவர்கள் என்று கேட்டார்கள்? வடதிசை, உங்களுக்குக் கவுண்ட்ஸ் தொடங்கிய அந்த இதழின் பழைய தொகுப்புகள் கிடைக்கும் என்றால் 1937, 38 ஆண்டுகளின் பக்கங்களைப் புரட்டி இங்கே எழுதுங்கள். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மிகுந்த ஆவல்.

வடதிசை:

பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த வார இறுதியில் போய்ப் பார்க்கிறேன் அக்கா. 1936-லிருந்தே தொடங்குகிறேன், பெடாலஜித் தடைக்கு என்ன எழுதினார்கள் என்பதும் தெரியும்.